இது தவறினால்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சகாயமேரி கொய்யாக்காய் தின்றுகொண்டிருக்கிறாள், இந்தப் பக்கம் நான் அவள் எழுதியதில் ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், மணி இரண்டு பத்து. நாலு மணிக்குள் கம்பெனி முதலாளி குருநாதனுக்குக் கடிதம் போக வேண்டும். பெரிய தப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒன்று, ஒன்றே ஒன்று, அது கிடைத்துவிட்டால் மீதியை நான் எழுதிவிடுவேன். எனக்கு எழுத வரும். காலையில் குருநாதன் காரிலிருந்து பேசினான், பின்னால் லாரி ஹாரன். "டேய் தென்னரசு, நாலு மணிக்குள்ள அனுப்பீரு. மாத்தி எழுதோணும்னா எழுதோணும்னு போடு, வேண்டாம்னா வேண்டாம்னு போடு, சுத்தி வளைக்காத. அஞ்சு மணிக்கு போர்டு மீட்டிங். அந்தப் புள்ளையக் கேட்டேன், சார் சொல்றதுதான்னு சொல்லீருச்சு." சார் சொல்றதுதான். அந்தச் சார் நான். ஏழு வருடம் உட்கார்ந்து கட்டியதை இடிக்கலாமா என்று கேட்டால், நேற்று வந்தவன் சொல்வதுதான் என்று ஒருத்தியால் எப்படிச் சொல்ல முடிகிறது? நானாக இருந்தால் இருபது பக்கத்துக்குப் பதில் எழுதியிருப்பேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு. அவளுக்கு அது தேவைப்படவில்லை, அதுதான் என்னை அரிக்கிறது. மிளகாய்ப்பொடியை ஒரு காகிதத்தில் கொட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு துண்டாகத் தொட்டுத் தொட்டு, அவசரமே இல்லாமல்.

டயாலிசிஸ் செய்துகொள்ள வருகிறவர்களுக்கு எந்த நாள், எந்த நாற்காலி, எந்த மெஷின் என்று பிரித்துக் கொடுக்கிற மென்பொருள் இது. கோயம்புத்தூரைச் சுற்றி இருபத்திரண்டு மையங்கள், வாரத்துக்கு மூன்று முறை வந்து நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே அனுப்பி உள்ளே வாங்கிக்கொள்கிற இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். எல்லாம் பிஹெச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. பிஹெச்பி! நான் ஹாலந்தில், உத்ரெக்டில் இருந்த பத்தொன்பது வருடத்தில் அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொன்ன ஆளைப் பார்த்ததில்லை. ஓட்டைக் குடம், எதை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும், எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது, இல்லாததைக் கொடுத்தாலும் சரி என்று சொல்லி மேலே ஓடும். நான் எழுதுவது ரஸ்ட். அதில் எழுதியதைச் சோதிக்கக் கம்பைலர் என்று ஒருவன் வாசலில் நிற்பான், பையைத் திறந்து காட்டாமல் உள்ளே விடமாட்டான். அந்த வாசலைத் தாண்டித் தாண்டியே நான் நல்ல கைக்காரன் ஆனேன் என்று நம்புகிறேன். மொழி சரியாக இருந்தால் எழுதுகிறவனும் சரியாவான். இதை எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இதற்காகத்தான் குருநாதன் என்னைக் கூப்பிட்டான், இதற்காகத்தான் வீட்டை விற்றுவிட்டு நாற்பத்தெட்டு வயதில் பீளமேட்டில் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன், வந்து நாலு மாதம். மாற்றி எழுத வேண்டும் என்று நான் எழுதினால் பத்துப் பேர் என் கீழே வருவார்கள், இரண்டு வருட வேலை. வேண்டாம் என்று எழுதினால் நான் எதற்கு இங்கே? அந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள், அதைவிட மோசம், காபி வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் நாள் இதைத் திறந்தபோது குப்பை மேட்டை எதிர்பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனேன். பெருக்கித் துடைத்த அறைகள் இருந்தன. அறைக்குப் பின் அறை, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வேலை, சாமான் வைத்த இடத்தில் சாமான். ஆங்கிலச் சொற்களில் எழுத்துப்பிழை இருந்தது, அதைப் பார்த்து ஒரு நிமிடம் குளிர்ந்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால் நூற்று நாற்பது இடத்திலும் அதே பிழை ஒரே மாதிரி, ஒன்றுகூட மாறாமல். பிழையில்கூட ஒழுங்கு.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுவல்ல. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவள் தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். என்ன செய்கிறது என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் எழுதுவேன். அவள் எழுதுவது வேறு. இது தவறினால்: ஒருவர் விடிகாலை எழுந்து இரண்டு பஸ் மாறி வந்து, நாற்காலி இல்லை என்று திரும்பிப் போவார். இது தவறினால்: ஒருவருக்கு மூன்று மணி நேரத்தில் குழாயைக் கழற்றிவிடுவார்கள், கால் வீங்கும், யாருக்கும் காரணம் தெரியாது. இது தவறினால்: கிருமி உள்ளவர் உட்கார்ந்த மெஷினில் கிருமி இல்லாதவர் உட்காருவார். இப்படி நூற்றுப் பதினேழு கோப்பு, நூற்றுப் பதினேழு வரி. முதலில் இதை எழுதிவிட்டுத்தான் கோட் எழுதத் தொடங்குவாளாம், அவளிடம் வேலை கற்றவர்களும் அப்படியே செய்கிறார்கள், எழுதாமல் கொடுத்தால் வாங்கமாட்டாள். நான் இருபத்தைந்து வருடம் எழுதியதில் ஒரு மனிதன்கூட வந்ததில்லை. வகைகள் வந்தன, உத்தரவாதங்கள் வந்தன, விடிகாலையில் எழுந்து பஸ் ஏறுகிற ஆள் வரவில்லை. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்துவிட்டு, ஆளில்லாத கம்பெனியில் தானே கற்றுக்கொண்டு எழுதியவளுக்கு எப்படித் தோன்றியது? அடுத்தவர் சட்டையைப் பார்க்கிற மாதிரி அந்த வரிகளைப் பார்க்கிறேன், என் அளவுக்குத்தான் தைத்தது, ஆனால் அவள் உடுத்தியிருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, என் பழைய வேலை ஒன்றைத் திறந்து அதன் தலையில் இது தவறினால் என்று அடித்துப் பார்த்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. மூடிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, இருந்தும் காது சுட்டது.

இப்போது அவள் மேசையைச் சுற்றி மூன்று பேர். "மேரிக்கா, இது ஏன் ரெண்டு தடவ ஓடுது?" என்று ஒருத்தி கேட்கிறாள், கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கேட்கிறது. "ரெண்டு தடவ கூப்பிட்டா ரெண்டு தடவதான் ஓடும். உன் வீட்டுக்காரரா அவரு, பத்துத் தடவ கூப்பிட்டு ஒரு தடவ வர?" சிரிப்பு. கொய்யாத் துண்டு கை மாறுகிறது. என்னிடம் கேட்க வரமாட்டார்கள். வந்தால் முதலில் ஒரு மன்னிப்பு, பிறகு கேள்வி, பதிலைக் கேட்டு "ஓகே சார், சூப்பர் சார்", நேராக அவளிடம் போய் அதையே மறுபடி கேட்பார்கள். ஒருநாள் ஒருத்தியிடம் கேட்டேன், ஏன் மறுபடி அங்கே போகிறீர்கள் என்று. "உங்களுக்குத் தெரியாததா சார்" என்று சொல்லி ஓடிப்போனாள். இதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த மாதிரி யோசிக்கிற நோய் எனக்குப் பழையது. எட்டாவது வரை தமிழ் மீடியம். ஒன்பதாவதில் அப்பா ஊரில் புதிதாக வந்த இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார், டை கட்டி. வர்க்கமூலம் தெரிந்தவனுக்கு ஸ்கொயர் ரூட் தெரியவில்லை. அதே கணக்குதான், கரும்பலகையில் அதே எண்கள், ஆனால் எழுந்து நின்றால் வாய் திறக்காது. மக்கு என்று பெயர் வந்து ஆறு மாதம் இருந்தது. அப்போது முடிவு செய்தேன், மூளை மொழிக்குள் இருக்கிறது, பெரிய மொழிக்குப் போனால் பெரிய மூளை. வெறி பிடித்துப் படித்தேன். பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றேழு. பழைய பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுடலைமுத்து நூற்றுக்கு நூறு. தமிழில் எழுதி. பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "நீ இங்லீஷ்ல எழுதினியாமே, கஷ்டமா இருந்துச்சாடா?" என்று நிஜமாகவே அக்கறையாகக் கேட்டான். அந்த அக்கறையை இன்னும் மன்னிக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம். அன்று முதல் எங்கே போனாலும் இருப்பதிலேயே கடினமானது எதுவோ அதைத்தான் எடுத்தேன், யாரும் என்னைவிட மூன்று மார்க் அதிகம் வாங்க முடியாத ஏதோ ஒன்று.

இரண்டு ஐம்பது. மையங்களின் கோப்பு பார்த்தாயிற்று, நேர ஒதுக்கீடு பார்த்தாயிற்று, விடுமுறைப் பட்டியல், பண்டிகை, பஸ் ஸ்டிரைக் நாளுக்குக்கூட ஒரு கோப்பு வைத்திருக்கிறாள், எல்லாம் பெருக்கித் துடைத்தது. ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு டப்பாவில் தண்ணீர் விழுகிறது. போன வாரம் யோஸ்டிடமிருந்து மெயில் வந்தது. உத்ரெக்டில் எனக்குப் பக்கத்து மேசை. அங்கே பூ ஏலக் கிடங்கு ஒன்றுக்கு நான் நாலு வருடம் ரஸ்டில் எழுதிய அமைப்பு, எந்த வண்டி எந்தப் பூவை எந்த வாசலுக்குக் கொண்டுபோவது என்று, ஒரு நாள்கூட விழாமல் ஓடியது. என் வாழ்நாளில் செய்த நல்ல வேலை அது என்று நினைத்திருக்கிறேன். மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்களாம். போன வருடம் நான் அந்தக் கிடங்கு வேலையை விட்ட பிறகு சின்ன மாற்றம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது, மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு மாதம் பார்த்துவிட்டு, சாதாரண மொழி ஒன்றில் முதலிலிருந்து எழுதிவிட்டார்கள். அழகாக இருந்தது தென்னரசு, எங்களுக்குத்தான் புரியவில்லை, என்று எழுதியிருந்தான். அழகாக இருந்தது. செத்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. இதைக் குருநாதனிடம் சொல்லவில்லை. அவன் போகிற இடமெல்லாம், "நம்ம தென்னரசு எழுதினது ஹாலந்துல இன்னிக்கும் ஓடுதுங்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், நான் பக்கத்தில் நின்று அடக்கமாகச் சிரிக்கிறேன். இவள் எழுதியது ஓடுகிறது. இவள் நாளைக்குப் போனாலும் அந்த மூன்று பெண்களும் தமிழ் வரியைப் படித்துவிட்டு மேலே எழுதுவார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கிறது, என் வெள்ளிக் கூஜாவை உருக்கிவிட்டார்கள். எங்கேயோ ஒரு தப்பு இருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் நான் நம்பியது எல்லாம்.

இங்கே. இரு. இங்கே. மெஷின் பாதியில் பழுதானால் நோயாளியை வேறு மெஷினுக்கு மாற்றுகிற கோப்பு. மெல்ல, மறுபடி படி. கிருமிச் சோதனைக்கு மூன்று பதில் உண்டு. உண்டு, இல்லை, முடிவு இன்னும் வரவில்லை. உண்டு என்றால் தனி மெஷின். இல்லையென்றால் பொது மெஷின். வரவில்லை என்றால்? முடிவு வருகிறவரை தனி மெஷின்தான், அது எல்லா மையத்திலும் சட்டம். இங்கே இரண்டு கிளைதான் இருக்கிறது. உண்டு என்றால் தனி, மற்றபடி பொது. மற்றபடி! இன்னும் தெரியாத ஆள் அந்த மற்றபடிக்குள் விழுகிறான், நேராகப் பொது மெஷினுக்குப் போகிறான், ரத்தத்தோடு. நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. பயமா? இருந்திருக்க வேண்டும், இரண்டாயிரம் பேர். முதலில் வந்தது பயம் இல்லை. வாய் இனித்தது. நிஜமாகவே எச்சில் ஊறியது. ரஸ்டாக இருந்தால் கம்பைலர் விட்டிருப்பானா, மூன்றாவது பதில் எங்கே என்று கழுத்தைப் பிடித்திருப்பான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கடிதத்தைத் திறந்து நாலு பத்தி ஒரே மூச்சில் எழுதினேன். தனிமனிதத் திறமையைக் குறை சொல்வது நோக்கமல்ல என்று ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது எவ்வளவு சுகமாக இருந்தது. எவ்வளவு கவனமானவர் எழுதினாலும் மொழி இடம் கொடுத்தால் தவறு நுழையும் என்று இன்னொரு வரி. கவனமானவர். மூன்று மார்க் குறைத்தாயிற்று. கண்ணாடியில் தட்டி அவளை உள்ளே வரச் சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், விரல் நுனியில் மிளகாய்ச் சிவப்பு. "சொல்லுங்க சார்." "இதைப் பாருங்க. முடிவு வராதவங்க இங்க எங்க போவாங்க?" குனிந்து படித்தாள். உதடு அசையாமல் படிக்கிறவள். "பொது மெஷினுக்குப் போயிருவாங்க சார்." "போகலாமா?" "கூடாது சார்." "அப்ப?" திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு நொடி, மூன்று நொடி இருக்கும். திட்டு வாங்கப்போகிற ஆள் பார்க்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டேன். "நான் பாத்துக்கிடுதேன் சார். மேலேயே நிறுத்தித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகாது." பதற்றத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இது நீங்க எழுதினதுதானே?" என்றேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. அவள் வாயால் வர வேண்டும் என்றிருந்தது. "ஃபைல் என்னுதுதான் சார்." பெரிய மனதோடு தலையாட்டினேன். "உங்களைச் சொல்லலை மேரி. மொழி அப்படி. ரஸ்ட்னா கம்பைலரே விட்டிருக்காது." "அப்படியா சார்? நல்லாருக்கே. எனக்கும் கத்துக்கிடணும்னு ரொம்ப நாளா ஆச." நிஜமாகச் சொன்னாள், கண்ணில் தெரிந்தது. ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாக எழுதுவாள் என்று, ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. "டீ சொல்லட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

போர்டுக்குத் தேதி வேண்டும். எத்தனை வருடமாக இந்த ஓட்டை திறந்து கிடக்கிறது என்று ஒரு வரி இருந்தால் கடிதம் கனமாகும். எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்கிற பட்டியலைத் திறந்தேன். அந்தக் கோப்பு முழுக்க அவள் பெயர், ஆறு வருடம் முன்னால், ஐந்து வருடம் முன்னால், கீழே கீழே அவள் பெயர், அந்த இரண்டு கிளைக்கு நேராக மட்டும் நாலு மாதம் முன்னால் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது, தென்னரசு. குறிப்பு: சுத்தம் செய்தது. ஏசித் தண்ணீர் சொட்டுகிறது. பழையதைத் திறந்து பார்த்தேன். அவள் மூன்று கிளை வைத்திருந்தாள், ஒன்றன் கீழ் ஒன்றாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நீட்டி. உண்டு என்றால் தனி. முடிவு வரவில்லை என்றால் தனி. இல்லை என்றால் பொது. முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தானே, எதற்கு இவ்வளவு நீளம் என்று மூக்கைச் சுளித்தது ஞாபகம் வருகிறது, வந்த நாலாவது நாள், இந்த ஊர் வெயிலில் தலை வலித்தது. பதினொரு வரியை நாலாக்கினேன். வெட்டும்போது எது எதோடு சேர்கிறது என்று பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பார்த்துப் பழக்கமில்லை. இருபத்தைந்து வருடம் தப்பாக வெட்டினால் கத்துவதற்கு ஒருவன் வாசலில் நின்றிருக்கிறான், அவன் கத்தாததால் சரி என்று எடுத்துக்கொண்டேன். இங்கே வாசலில் யாரும் இல்லை. அவள் வாசலில் யாருமே இருந்ததில்லை, அதனால் ஒவ்வொரு தடவையும் அவளே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அப்புறம்தான் அவள் சொன்னது காதில் விழுந்தது. மேலேயே நிறுத்தித்தான் இருக்கு. இந்தக் கோப்பைக் கூப்பிடுகிற கோப்பைத் திறந்தேன். அதே வியாழக்கிழமை, மாலை ஐந்து பத்து, சகாயமேரி, ஆறு வரி. இது தவறினால்: முடிவு வராதவர் பொது மெஷினுக்குப் போவார். கீழே இனிப் பிடிக்காது, இங்கேயே பிடிக்கவும். என் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறாள், அதுவும் இருக்கிறது, ஐந்து இருபதுக்கு. முதலில் கதவைச் சாத்திவிட்டு, பிறகு எனக்குச் சரி என்று சொல்லியிருக்கிறாள். நாலு மாதமாக ஒருவர்கூட அந்த ஓட்டை வரை வரவில்லை. ஃபைல் என்னுதுதான் சார். பொய்யும் சொல்லவில்லை.

ஏன் சொல்லாமல் விட்டாள், இரக்கமா? அப்படியென்றால் நான் இந்த நாற்காலியில் உட்கார முடியாது. பயமாக இருக்கட்டும், வேலை போகும் என்ற பயம், அதை என்னால் தாங்க முடியும், அதில் எனக்கு ஒரு உயரம் இருக்கிறது. இல்லை, கணக்கா, ஒருநாள் எடுத்துக் காட்டலாம் என்று வைத்திருக்கிறாளா? அப்படியே இருக்கட்டும், அதுவும் நல்லது, அவளும் என்னைப் போல என்றாகும். அந்த இரண்டு மூன்று நொடிப் பார்வையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், சுடலைமுத்துவின் முகம் குறுக்கே வருகிறது, கஷ்டமா இருந்துச்சாடா. இந்த வரியைச் சத்தமில்லாமல் இப்போதே சரிசெய்துவிடலாம். கடிதம் தயாராக இருக்கிறது. யார் எழுதினார்கள் என்று போர்டு கேட்காது, போர்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியலைத் திறக்கவே தெரியாது. மொழி இடம் கொடுத்தது என்பதும் உண்மைதானே, ரஸ்டில் இது இவ்வளவு சுலபமாக நுழைந்திருக்காது, கடிதத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஃபைல் என்னுதுதான் என்பது மாதிரி. அவள் செய்ததைத்தானே நானும் செய்கிறேன். இல்லை. அவள் அதைச் சொல்லி என் தப்பை மூடினாள், நான் இதைச் சொல்லி அவள் கட்டியதை இடிக்கப்போகிறேன். மூன்று நாற்பது. அவளே டீயோடு வந்தாள், காகிதக் கப், மேலே ஆடை கட்டியிருந்தது. "மேரி, அந்த வரி என்னுது." "ஆமா சார்" என்றாள், மணி கேட்டால் சொல்கிற மாதிரி. "அப்பவே ஏன் சொல்லலை?" "எத சார்?" "நான் வெட்டினது தப்புன்னு." கப்பை வைத்தாள், கீழே ஒரு காகிதம் தேடி வைத்து அதன் மேல் வைத்தாள். "வந்த மொத வாரம் எல்லாருமே எதையாவது சுருக்குவாங்க சார். அது நீளமா இருக்கும், பாத்தா கை அரிக்கும். நானும் சுருக்குனவதான். அதனால புதுசா யாரு வந்தாலும் ஒரு வாரம் பின்னாடியே பாத்துக்கிட்டு வருவேன். போன மாசம் சேந்த ரெண்டு பேரும் இதே ஃபைல்லதான் கை வச்சாங்க." "அவங்ககிட்ட சொன்னீங்களா?" "அதுகளுக்குச் சொன்னேன், சின்னப் பிள்ளைங்க. உங்ககிட்ட எப்படி சார் சொல்ல, பெரியவங்க. நீங்களே ஒருநா பாப்பீகன்னு விட்டேன்." பிறகு, "ஆறிரும் சார், குடிங்க" என்றாள்.

இரக்கம்கூட இல்லை. எனக்கென்று தனியாக அவள் ஒன்றும் செய்யவில்லை. புதிதாக வருகிற எல்லோருக்கும் செய்வதைச் செய்திருக்கிறாள், நான் எல்லோரில் ஒருவன், முதல் வாரத்தில் கை அரித்தவன். டீ சூடாகத்தான் இருந்தது. நாலு பத்தியையும் அழித்தேன். கவனமானவர் என்ற சொல் கடைசியாகப் போனது, அதை எழுதியவன் மேல் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது, அரை மணி நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தான். வெள்ளைத் திரை. மாற்றி எழுத வேண்டாம் என்று அடித்துவிட்டு நிறுத்தினேன். குருநாதன் ஏன் என்று கேட்பான். ஏன் என்று எழுதுவதற்கு என் நடை எதுவும் வரவில்லை, அம்புக்குறி வரவில்லை, படம் வரவில்லை. கை தானாக மேலே போய் அந்தச் சொற்களை அடித்தது. இது தவறினால்: ஏழு வருடமாக ஓடுகிற ஒன்று தூக்கி எறியப்படும், ஒருவன் தான் பிழைப்பதற்காக. கீழே எழுதினேன். ஒரு பிழை இருக்கிறது. எழுதியவன் நான், வந்த நாலாவது நாள். அன்று மாலையே அது யாரையும் தொடாமல் தடுத்தவர் சகாயமேரி. ரஸ்டில் அது இவ்வளவு சுலபமாக நுழைந்திருக்காது, அதுவும் உண்மை. மேரிக்கு ரஸ்ட் கற்றுக்கொள்ள விருப்பம் உண்டு, எந்தப் பகுதியை எப்போது மாற்றுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஹாலந்தில் நான் எழுதியது இப்போது ஓடவில்லை, மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், இனி அது ஓடுகிறது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். படித்துப் பார்த்தேன். நான் எழுதியதிலேயே புரிகிற மாதிரி இருந்தது இதுதான். அதுவும் அவள் நடை. ஒப்புக்கொள்வதற்குக்கூட அவளிடம்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது. மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன்.

பிறகு செய்ய ஒன்றும் இல்லாததால் அந்தக் கோப்பைத் திறந்து மூன்றாவது கிளையைத் திரும்ப வைத்தேன், அவள் நீட்டி எழுதியது போலவே, ஒரு வரிகூடச் சுருக்காமல். முடிவு வரவில்லை என்றால் தனி. ஒப்புதலுக்கு அவளுக்கு அனுப்பினேன். நாலு ஐந்து. குருநாதன் படித்திருப்பான், கத்துவான், அல்லது கத்தாமல் இருப்பான், எனக்கு என்ன பதில் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது, என்னுடையது அல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எடுத்தாள். "சொல்லுங்க சார்" என்று எழுந்து நின்றாள். அவளை முதலில் கூப்பிட்டிருக்கிறான். இருபத்தெட்டு வருடப் பழக்கம், ஒரே ஹாஸ்டல் அறை, கடிதம் எழுதியவன் நான், அவளை முதலில். கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். மற்ற மூன்று பேரும் கொய்யாவை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். கதவு இன்னும் சரியாகச் சாத்தவில்லை. இல்லை என்று சொல்லட்டும், சார் செய்தது தப்பு என்று சொல்லட்டும், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லட்டும், ஒரு சின்னப் பெருமை, ஒரே ஒரு விரிசல், அது போதும் எனக்கு. "சார் சொல்றதுதான் சார்" என்றாள். போனை வைத்துவிட்டு உட்கார்ந்து திரையில் எதையோ திறந்தாள். என் மாற்றம்தான். வரி வரியாகக் கீழே இறங்குவது இங்கிருந்தே தெரிகிறது. வந்த முதல் வாரத்து ஆளைப் பார்க்கிற மாதிரி, அவசரமே இல்லாமல்.